காலனிய அமெரிக்காவில் அப்போத்திக்கரிகள் எப்படிப் பிழைத்தார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் காலனிகளில் அப்போத்திக்கரி என்பவர் மருத்துவரா, மருந்துக் கடைக்காரரா, அவருடைய கடை எப்படி நடந்தது என்பது கேள்வி. இரண்டும்தான் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். அவர் நாடி பார்த்தார், மருந்தை இடித்தார், பல் பிடுங்கினார், முறிந்த எலும்பைக் கட்டினார், சிலர் பிரசவம் பார்க்கவும் போனார்கள். ஆனால் கைக்கு வந்த காசு பெரும்பாலும் மருந்தின் விலையாகவே வந்தது. ஆலோசனைக்குக் கூலி கேட்பது கடினம், குப்பிக்கு விலை கேட்பது எளிது என்ற இந்த ஒரு நிலைமையை மனத்தில் வைத்துக்கொண்டால், அவர் ஏன் அளவுக்கு மீறி மருந்து கொடுத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டார், ஏன் ஆண்டுக்கணக்கில் கடன் எழுதி வைத்தார், ஏன் மருந்து ஜாடிகளுக்குப் பக்கத்தில் உப்பில் ஊறிய நெத்திலி மீனையும் விற்றார் என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

அப்போத்திக்கரி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றிய உதவி மருத்துவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். சென்னையில் 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் அப்போத்திக்கரிகளைப் பயிற்றுவிக்கவே முதலில் ஏற்பட்டது. பட்டம் பெற்ற மருத்துவருக்கு ஒரு படி கீழே, ஆனால் மக்களுக்கு உண்மையில் மருத்துவம் பார்ப்பவர் என்ற அந்த இடைநிலை, இங்கிலாந்திலிருந்து இரு திசைகளிலும் பயணப்பட்டது.

லண்டனில் அப்போத்திக்கரிகள் மளிகை வணிகர்களின் சங்கத்துக்குள் இருந்தவர்கள். 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனத்தால் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். பல்கலைக்கழகம் சென்ற மருத்துவர் எழுதிக் கொடுக்க, இவர்கள் தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழைகளால் மருத்துவரை அழைக்க முடியாததால் நடைமுறையில் அப்போத்திக்கரியே நோயையும் பார்த்தார். வில்லியம் ரோஸ் என்ற அப்போத்திக்கரி, ஜான் சீல் என்ற கசாப்புக்காரருக்கு மருந்து கொடுத்து 50 பவுண்டுக்கு மேல் கணக்கு நீட்ட, சீல் மருத்துவர்களின் கல்லூரி என்ற தொழில் அமைப்பிடம் முறையிட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1704இல் அங்கு ரோஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது: அப்போத்திக்கரி நோய் பார்க்கலாம், மருந்தும் சொல்லலாம், ஆனால் விலை வாங்குவது மருந்துக்கு மட்டுமே. ஏழைக்கு மருத்துவம் கிடைக்க வழி செய்த அதே தீர்ப்பு, மருத்துவத்தின் அறிவுப் பகுதியை இலவசமாக்கிப் பொருள் பகுதிக்கு மட்டும் விலை வைத்துவிட்டது. இதன் விளைவுகளை அமெரிக்கக் கரையில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்கக் காலனிகளில் பட்டம் பெற்ற மருத்துவர்கள் மிகக் குறைவு. எடின்பரோவிலோ லைடனிலோ படித்துத் தேர்ந்த ஒருவர் நல்ல வருமானத்தை விட்டுவிட்டுக் கடல் கடந்து வரக் காரணம் இல்லை. ஆகவே மருத்துவர், அறுவையாளர், அப்போத்திக்கரி என்ற லண்டன் பிரிவினைகள் இங்கே ஒரே ஆளுக்குள் கரைந்தன. 1721இல் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது அங்கு மருத்துவப் பட்டம் பெற்றவராக இருந்தவர் வில்லியம் டக்ளஸ் ஒருவரே. பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை நலமானவரின் தோலைக் கீறிச் செலுத்தி நோயைத் தடுக்கும் அம்மை குத்தும் முறையை அவர் எதிர்த்தார். அதைத் துணிந்து செய்தவர், தந்தையிடமும் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடமும் தொழில் பழகி, சொந்தமாக மருந்துக்கடை நடத்திய ஜப்தியல் பாய்ல்ஸ்டன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒனேசிமஸ் என்பவர் தம் நாட்டு வழக்கமாகச் சொன்னதைப் பாதிரியார் காட்டன் மேதர் எடுத்துச்சொல்ல, அதன்படி பாய்ல்ஸ்டன் முதலில் தம் ஆறு வயது மகனுக்கும், தம் வீட்டில் அடிமைகளாக இருந்த இருவருக்கும் குத்தினார். தொடர்ந்து 240க்கும் மேற்பட்டவர்களுக்குக் குத்தியதில் 6 பேர் இறந்தனர். இயற்கையாக நோய் கண்ட ஏறத்தாழ 6,000 பேரில் 844 பேர் இறந்தனர். கடைக்காரர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் செய்த இந்தக் கணக்கை நான் எப்போதும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். எழுத்துப் பட்டம் இல்லை என்பதால் இவர்களை அரைகுறை வைத்தியர்கள் என்று மொத்தமாகத் தள்ளிவிடுவது நியாயமன்று.

ஆனால் மறுபக்கமும் உண்மை. ஸ்கர்வி நோய்க்கு எந்தப் பயனுமற்ற ஒரு தண்ணீரை அதிக விலைக்கு விற்றதற்காக நிக்கலஸ் நாப் என்பவருக்கு மாசசூசெட்ஸ் காலனியில் 5 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. காலனி உருவான முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நடந்தது இது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1736இல், வர்ஜீனியா சட்டமன்றம் மருத்துவம் பார்ப்போரின் கட்டணங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. அதன் முன்னுரை இந்தத் தொழிலின் நோயை நேரடியாகச் சொல்கிறது: இங்கு மருத்துவம் பார்ப்போர் பெரும்பாலும் அறுவையாளர்களும் அப்போத்திக்கரிகளும்தான், இவர்கள் நீண்ட கணக்கு எழுதுவதற்காகவே நோயாளியின் மீது தேவைக்கு மேல் மருந்துகளைச் சுமத்துகிறார்கள், அந்த மருந்துகளின் உண்மையான மதிப்பு வெளிப்பட்டுவிடக் கூடாதென்று அவற்றின் சேர்மானத்தை மறைக்கிறார்கள்.

சட்டம் சொன்ன தீர்வு கூர்ந்து கவனிக்கத்தக்கது. தொழில் பழகி வந்த அப்போத்திக்கரி 5 மைல் தூரத்துக்குள் ஒருமுறை சென்று பார்ப்பதற்கு 5 ஷில்லிங் வாங்கலாம். பல்கலைக்கழகப் பட்டம் உள்ளவர் 10 ஷில்லிங் வாங்கலாம். சாதாரண எலும்பு முறிவைக் குணப்படுத்த 2 பவுண்டு, சதை கிழிந்த முறிவுக்கு 4 பவுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்குச் சீட்டில் ஒவ்வொரு மருந்தும் இன்னது, இவ்வளவு, இன்ன விலை என்று தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வருகைக்கு ஒரு விலை, பொருளுக்கு ஒரு விலை என்று பிரித்துவிட்டால் தேவையற்ற மருந்து குறையும் என்பது அதன் தர்க்கம். சட்டம் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியானது. மருந்தாளுநராகக் கடை மேடைக்குப் பின்னால் நின்று பழகியவன் என்ற முறையில், அந்தச் சட்டமன்றத்தார் சிக்கலை மிகச் சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்றே சொல்வேன்.

இனிக் கடைக்குள் நுழைந்து பார்க்கலாம். வர்ஜீனியாவின் அப்போதைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் வில்லியம் பாஸ்டர், ஜான் மின்சன் கால்ட் ஆகிய இருவரும் 1775 முதல் 1778 வரை கூட்டாக ஒரு கடை நடத்தினார்கள். அது இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கால்ட் 1760களின் இறுதியில் லண்டன் சென்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயின்று, சான்றிதழ்களோடு திரும்பியவர். அத்தகைய கடையில் முன்பக்கம் வியாபாரம். பின்பக்கம் நோயாளியை உட்காரவைத்துப் பார்க்கும் அறை. சுவரெங்கும் சிற்றறைப் பெட்டிகள். அவற்றின் மேல் வெள்ளைப் பூச்சில் நீல எழுத்தால் இலத்தீன் பெயர் சுருக்கி எழுதிய டெல்ஃப்ட் வகைப் பீங்கான் ஜாடிகள். லேகியத்துக்கும் களிம்புக்கும் வாயகன்ற ஜாடி, பாகுக்கு மூக்கு வைத்த ஜாடி, எண்ணெய்க்கும் சாராயக் கரைசலுக்கும் கண்ணாடிக் குப்பி. மேடையின் மேல் வெண்கலத்தில் வார்த்த உரலும் உலக்கையும், பித்தளைத் தட்டுகள் தொங்கும் சிறு தராசும் இருக்கும். எடை கிரெயின் கணக்கில்: 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு ராத்தல்.

குளிகை உருட்டுவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலையில்தான் தொழிலின் முழு நேர்மையும் அடங்கியிருக்கிறது. முதலில் சரக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்து, குறைவான எடையுள்ளதை முதலில் உரலில் இட்டு, அதே அளவு மற்றொன்றைச் சேர்த்து அரைத்து, பிறகு மீதியைச் சிறிது சிறிதாகக் கலப்பார்கள். ஒரே நேரத்தில் கொட்டினால் வீரியமான சரக்கு ஒரு மூலையில் தங்கிவிடும், ஒரு குளிகை விஷமாகவும் அடுத்தது வெறும் மாவாகவும் ஆகிவிடும். பிறகு தேனோ சர்க்கரைப் பாகோ சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைந்தால், விரலில் ஒட்டாமலும் உதிராமலும் ஒரு பதம் வரும். அந்த உருண்டையைப் பீங்கான் பலகையில் வைத்து நீண்ட திரியாக உருட்டி, சமமான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதிமதுரப் பொடியைத் தூவுவார்கள். படிக்கும் காலத்தில் செய்முறை வகுப்பில் நானும் இதைச் செய்திருக்கிறேன்; பதம் தவறினால் திரி நடுவில் பிளந்துவிடும், எல்லாவற்றையும் மறுபடி உரலில் போட வேண்டும். இத்தனை உழைத்தும் கணக்குச் சீட்டில் எழுத முடிந்தது குளிகையின் விலையை மட்டுமே. உழைப்பும் கவனமும் அந்த விலைக்குள் மறைந்திருந்தன.

ஜாடிகளில் இருந்த சரக்குகளில் பலவற்றை நம் நாட்டு மருந்துக் கடைக்காரர்களும் அடையாளம் கண்டுகொள்வார்கள்: பேதிக்கு இரேவற்சின்னியும் நிலாவரையும் கரியபோளமும், புண்ணுக்கு வெள்ளைப்போளம், நரம்பு சார்ந்த துன்பங்களுக்குப் பெருங்காயம், கற்பூரம். வலிக்கும் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அபினைச் சாராயத்தில் கரைத்த லாடனம். பாதரச உப்பாகிய கலோமல், அதாவது சித்த மருத்துவர்கள் பூரம் என்று சொல்வது, காய்ச்சலிலிருந்து மேகநோய் வரை எல்லாவற்றுக்கும் கொடுக்கப்பட்டது. வாந்தி வரவழைக்க இபிகாக் வேர், தோலில் கொப்புளம் எழுப்ப ஸ்பானிய வண்டின் பொடி, இரத்தம் எடுக்க அட்டையும் சிறு கத்தியும். உடலின் திரவங்கள் சமநிலை இழப்பதே நோய், ஆகவே கெட்டதை வெளியேற்ற வேண்டும் என்ற கொள்கைதான் இவற்றின் அடிப்படை. வாந்தி, பேதி, வியர்வை, கொப்புளம், இரத்தம் என எதுவாயினும் வெளியேற்றுவதே வைத்தியம். அதனால் பலர் பலவீனப்பட்டு இறந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சீமைச்சுண்ணமும், தோல் எரிச்சலுக்குப் பூசிய கலமைனும் இன்றும் நம் அலமாரியில் உள்ளன. வர்ஜீனியாவின் சதுப்பு நிலங்களில் ஆண்டுதோறும் வந்த முறைக்காய்ச்சலுக்கு (மலேரியாவுக்கு), தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மரத்தின் பட்டை, அதாவது சிங்கோனா, உண்மையிலேயே வேலை செய்தது. அதில் இருந்த குயினைன் பற்றி ஒருவருக்கும் தெரியாவிட்டாலும், வைனில் கலந்து குடிக்கப்பட்ட அந்தக் கசப்புப் பொடியே கடையின் மிக முக்கியமான சரக்கு.

சரக்கு வந்த வழிதான் வியாபாரத்தின் முதுகெலும்பு. சீனத்து வேரும், துருக்கிய அபினும், தென்னமெரிக்கப் பட்டையும் முதலில் லண்டன் மொத்த வணிகரிடம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறின. கடிதம் போக இரண்டு மாதம், சரக்கு வர இரண்டு மாதம், நடுவில் புயல், போர், ஈரம். அடுத்த ஆண்டு எந்த நோய் பரவும் என்று இப்போதே ஊகித்து ஆர்டர் எழுத வேண்டும். பட்டை உளுத்தோ கலப்படமாகவோ வந்தால் திருப்பி அனுப்ப இயலாது. உள்நாட்டில் கிடைத்த பாம்புவேர், சசாஃப்ராஸ் போன்றவையும் கடையில் இருந்தன. அவை லண்டனுக்கும் ஏற்றுமதியாயின.

லண்டன் வணிகர் கடனுக்குக் கொடுத்தார். அப்போத்திக்கரியும் ஊருக்குக் கடனுக்கே கொடுத்தார். காலனிகளில் நாணயம் அரிது. வர்ஜீனியாவில் புகையிலை அறுவடையாகி விற்றால்தான் பணம் புழங்கும். ஆகவே நாள்வழியில் எழுதியது பேரேட்டுக்கு ஏறி, அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. பாக்கிக்காரர் இறந்தபின் சொத்திலிருந்து வசூலிப்பதும் நடந்தது. தோட்டக்காரரின் பெயரில் உள்ள பக்கத்தில், அவர் மனைவிக்கு ஒரு குப்பி, பிள்ளைக்குப் பூச்சி மருந்து என்பதற்குக் கீழேயே அவர் அடிமையாக வைத்திருந்தவருக்கு இரத்தம் எடுத்த கூலியும் வரும். யாருக்கு மருத்துவம், எவ்வளவு மருத்துவம் என்று தீர்மானித்தவர் நோயாளி அல்லர், கணக்குக்கு உரியவர் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன.

இத்தனை நீண்ட கடனுக்கு நடுவில் கைக்காசு எதிலிருந்து வரும்? அதற்குத்தான் மற்றப் பொருள்கள். சமையல் மசாலா, மெழுகுவர்த்தி, சாலட் எண்ணெய், பல் துலக்கும் தூரிகை, புகையிலை, நெத்திலி எல்லாம் வில்லியம்ஸ்பர்க் கடையில் கிடைத்தன. மளிகைச் சங்கத்திலிருந்து பிரிந்த தொழில் கடல் கடந்தபின் மளிகையையும் சேர்த்துக்கொண்டது. இன்னொரு ரொக்கச் சரக்கு, இங்கிலாந்தில் அடைத்து வந்த தனியுரிமை மருந்துகள்: டாஃபி எலிக்சர், பேட்மன் சொட்டு மருந்து, குழந்தைகளை உறங்கவைக்க அபின் சேர்த்த காட்ஃப்ரி கார்டியல், 1744இல் உரிமம் பெற்ற டர்லிங்டன் பால்சம். போலிகளைத் தடுக்க டர்லிங்டன் 1754இல் தனி வடிவப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பலன் தலைகீழானது, மக்கள் புட்டியின் வடிவத்தையே நம்பியதால், காலிப் புட்டிகளை வாங்கி உள்ளூர்ச் சேர்மானத்தை நிரப்பி விற்பது அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாயிற்று.

தொழிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒரு குருவிடம் ஒப்பந்தமாகி, புட்டி கழுவுவதில் தொடங்கிய சிறுவர்கள். பெண்களும் இருந்தார்கள், எலிசபெத் கிரீன்லீஃப் 1727இல் பாஸ்டனில் தாமே கடை திறந்தார். பிலடெல்ஃபியாவில் அடிமையாகப் பிறந்த ஜேம்ஸ் டெர்ஹம், மருத்துவர்களான எசமானர்களிடம் மருந்து கலக்கவும் நோயாளிகளைப் பார்க்கவும் கற்று, பின்னர் விடுதலை பெற்று நியூ ஆர்லியன்ஸில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார்.

பிரிட்டனோடு மோதல் முற்றி, 1774 இறுதியில் காலனிகள் பிரிட்டிஷ் சரக்குகளை மறுத்தபோது முதலில் அடிபட்ட தொழில்களில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில் அப்போத்திக்கரிகள் அரசியலின் நடுவிலும் நின்றார்கள், ஏனென்றால் எல்லா வீட்டுக் கதவுகளும் அவர்களுக்குத் திறந்திருந்தன. 1775 ஏப்ரலில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோரின் மாளிகைக்கு நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற பாஸ்டரிடம்தான், தமக்கோ தம் அதிகாரிகளுக்கோ தீங்கு நேர்ந்தால் அடிமைகளை விடுவித்து நகரத்தைச் சாம்பலாக்குவேன் என்று ஆளுநர் மிரட்டினார். பாஸ்டர் அதைப் பின்னர் சட்டமன்றத்துக்குச் சாட்சியமாகச் சொன்னார். ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹியூ மெர்சர் பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் படையில் தளபதியாகி, 1777 ஜனவரியில் பிரின்ஸ்டன் போரில் பட்ட காயத்தால் இறந்தார். நியூ ஹேவனில் மருந்தும் புத்தகமும் விற்ற பெனடிக்ட் ஆர்னால்ட், பின்னர் அமெரிக்கத் தளபதியாக இருந்து பிரிட்டிஷ் பக்கம் தாவியதால் எல்லாரும் அறிந்த பெயர். ‘லண்டனிலிருந்து’ என்று எழுதிய அவருடைய கடைப் பலகை இன்னும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. படைக்கு மருந்து சேர்க்கும் பொறுப்பு பாஸ்டனின் ஆண்ட்ரூ கிரேகியிடம் வந்தது. 1778இல் வில்லியம் பிரவுன் படை மருத்துவமனைக்காக இலத்தீனில் வெளியிட்ட 32 பக்க மருந்துநூல், ‘இன்றைய வறுமைக்கும் நெருக்கடிக்கும் ஏற்றது’ என்று தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது.

மருந்தையும் மருத்துவத்தையும் பிரிக்க வேண்டும் என்ற குரல் இந்த விடுதலைப் போருக்கு முன்பே எழுந்திருந்தது. 1751இல் நிறுவப்பட்ட பென்சில்வேனியா மருத்துவமனை அடுத்த ஆண்டே ஜோனத்தன் ராபர்ட்ஸைத் தனி அப்போத்திக்கரியாக நியமித்தது. 1755இல் அந்த வேலைக்கு வந்தவர் ஜான் மார்கன். அவர் பின்னர் எடின்பரோ சென்று பட்டம் பெற்றுத் திரும்பி, மருத்துவர் தம் அறிவுக்கு நேராகக் கட்டணம் வாங்கட்டும், மருந்தை அதற்கென்றே பயின்றவர் தயாரிக்கட்டும் என்று 1765இல் வெளிப்படையாக வாதாடினார். வர்ஜீனியா சட்டம் கணக்குச் சீட்டில் பிரிக்க நினைத்ததை மார்கன் ஆள்களிலேயே பிரிக்க நினைத்தார். அது உடனே நடக்கவில்லை. மருந்து இல்லாமல் வெறும் வார்த்தைக்குப் பணம் கொடுக்க மக்கள் பழகியிருக்கவில்லை. 1821இல்தான் பிலடெல்ஃபியாவில் 68 மருந்தாளுநர்கள் கூடி, மருந்துத் தொழிலுக்கென்று தனிக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் முதியவரான சார்லஸ் மார்ஷல். அதே நகரில் பொன் பந்து அடையாளம் தொங்கிய கடையை 1729இல் திறந்த அப்போத்திக்கரி கிறிஸ்டஃபர் மார்ஷலின் மகன் அவர்.